தேய்மானம்: கணக்குப் புத்தகத்திலும் முழங்காலிலும்



பி.காம் படிக்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே அறிமுகமாகிவிடும் ஒரு சொல், தேய்மானம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஒரு லட்ச ரூபாய்க்கு லேத் மிஷின் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பத்து வருடம் உழைக்கும், அப்புறம் ஒன்றும் தேறாது என்று கணக்கிட்டால், நேர்கோட்டு முறைப்படி வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாயைக் கழித்துக்கொண்டே வரவேண்டும். பத்தாவது வருட முடிவில் அதன் புத்தக மதிப்பு பூஜ்யம்.

இதே சொல்லை நம் வீடுகளிலும் கேட்கலாம். "மூட்டுத் தேய்மானமாம். முட்டி தேஞ்சு போச்சாம். இனிமே அதிகம் நடக்கக் கூடாது." ஐம்பது வயது தாண்டியவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் இந்த வசனம் ஒருமுறையாவது ஒலித்திருக்கும். கணக்குப் பாடத்தில் இருக்கும் சொல்லும் முழங்கால் வலிக்குச் சொல்லும் சொல்லும் தமிழில் ஒன்றாக இருப்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஏனென்றால் சொல்லோடு சேர்ந்து அதன் கணக்கும் வந்துவிடுகிறது. மிஷின் ஓட ஓடத் தேயும், ஆகவே மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஓட்டாமல் வைத்திருக்க வேண்டும்!

முழங்காலுக்கு இந்தக் கணக்கு செல்லுமா? விளையாட்டு மருத்துவத்தின் வரலாற்றைப் படித்தால், கடந்த நூறு வருடங்களாக மருத்துவர்கள் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆசானே வைத்தியர்

மல்யுத்தமும் சிலம்பமும் இருந்த ஊரில் சுளுக்கும் எலும்பு முறிவும் இல்லாமலா இருந்திருக்கும்? மாமல்லபுரத்தின் பெயரே ஒரு மல்லனின் பெயர்தான். 7-ம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் பட்டம் 'மாமல்லன்'. கன்னியாகுமரிப் பக்கத்து வர்மக்கலையில் அடிக்கக் கற்றுத்தரும் ஆசானே அடிபட்டதற்கு வைத்தியமும் பார்ப்பார். பயிற்சியாளரும் மருத்துவரும் ஒரே ஆள்.

உலகத்தின் மறுபக்கத்திலும் இப்படித்தான். கி.பி. 157-ல் பெர்காமம் நகரத்தில் (இன்றைய துருக்கி) வாளோடு மோதும் கிளாடியேட்டர்களுக்கு மருத்துவராக அமர்த்தப்பட்டார் காலன் என்ற கிரேக்க மருத்துவர். உலகின் முதல் 'டீம் டாக்டர்' என்று அவரைச் சொல்பவர்கள் உண்டு.

நம் நாட்டின் சுஸ்ருத சம்ஹிதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடற்பயிற்சி செய்கிறவனை முதுமை அவ்வளவு சுலபத்தில் பிடிக்காது என்றும், ஆனால் தன் பலத்தில் பாதி அளவுக்கே பயிற்சி செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்த 'பாதி பலம்' என்ற எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

ஓய்வின் காலம்

19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எலும்பு, மூட்டு சிகிச்சையின் மந்திரம் ஓய்வு. இங்கிலாந்தின் லிவர்பூலில் வைத்தியம் பார்த்த ஹ்யூ ஓவன் தாமஸ் இதில் மிகத் தீவிரமானவர். நோய் கண்ட மூட்டுக்கு இடைவிடாத, நீண்ட, கட்டாய ஓய்வு வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் உருவாக்கிய 'தாமஸ் ஸ்ப்ளின்ட்' முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காப்பாற்றியது. ஆகவே அவரைக் கிண்டல் செய்ய முடியாது. முறிந்த எலும்புக்கு அசையாமை அவசியம். சென்னையில் தெருவுக்குத் தெரு போர்டு மாட்டியிருக்கும் புத்தூர் கட்டின் அடிப்படையும் அதுதானே?

சிக்கல் எங்கே வந்தது என்றால், முறிவுக்குச் சரியாக இருந்த மருந்தை எல்லா வலிக்கும் கொடுக்க ஆரம்பித்தபோதுதான். இடுப்பு வலியா? படுங்கள். முழங்கால் வலியா? உட்காருங்கள். வயதாகிவிட்டதா? ஒரு மூலையில் இருங்கள்.

இதற்கு எதிரான குரலும் இருந்தது. கனடாவின் டொரான்டோவில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ராபர்ட் சால்ட்டர் 1970-களில் முயல்களை வைத்து ஆராய்ந்தார். காயம்பட்ட மூட்டை அசையாமல் கட்டி வைப்பதைவிட, மெதுவாக விடாமல் அசைத்துக்கொண்டே இருந்தால் குருத்தெலும்பு நன்றாக ஆறுகிறது என்று கண்டார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலை மெல்ல மடக்கி நீட்டும் இயந்திரம் அதிலிருந்து பிறந்ததுதான்.

மெட்ராஸ் அத்தியாயம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் பெற்ற அது இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியின் மேலாளரும் இந்த பக் தான். அங்கே படித்து வெளியே போனவர்கள்தான் நம் பள்ளிகளில் 'டிரில் மாஸ்டர்' ஆனார்கள். உடம்பை வளர்ப்பது ஒரு படிப்பு என்ற எண்ணம் இந்த ஊரில் நூறு வருடத்துக்கு முன்பே வேர்விட்டுவிட்டது.

அடுத்த திருப்பம் 1987. சேத்துப்பட்டில் எம்.சி.சி. பள்ளி மைதானத்தில் எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் ஆரம்பமானது. பயிற்சியாளராக வந்தவர் ஆஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லி. வேகப்பந்து வீசப் போன பள்ளி மாணவன் சச்சின் டெண்டுல்கரிடம் லில்லி "நீ பேட்டிங்கைப் பார்" என்று சொல்லி அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் லில்லியின் முதுகுக் கதை அவ்வளவாகத் தெரியாது.

1973-ல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் லில்லிக்கு முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் அழுத்த முறிவுகள் ஏற்பட்டன. வாரக்கணக்கில் உடம்பில் மாவுக்கட்டு. அந்தக் காலத்தில் ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு இது கிட்டத்தட்ட ஓய்வுக் கடிதம். லில்லி கட்டைப் பிரித்த பிறகு வீட்டில் முடங்கவில்லை. பெர்த்தில் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி கற்பித்த ஃபிராங்க் பைக் என்பவரோடு சேர்ந்து, எந்தத் தசையை எவ்வளவு வலுவாக்க வேண்டும் என்று திட்டம் போட்டு, அளந்து அளந்து பயிற்சி செய்தார். பந்துவீசும் முறையையும் சீர்படுத்தினார். 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்து 25 விக்கெட் எடுத்தார். 1984-ல் ஓய்வு பெறும்போது 355 டெஸ்ட் விக்கெட்டுகளோடு அன்றைய உலக சாதனை அவர் கையில்.

ஆறுவதற்கு ஓய்வு, அதற்குப் பிறகு படிப்படியாகப் பளு. தன் முதுகிலேயே இந்தப் பாடத்தைப் படித்த மனிதர்தான் சேத்துப்பட்டு மைதானத்துக்கு வந்து நம் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

இன்று இந்த அறிவியல் எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. முகப்பேரிலிருந்து மதுரவாயல் தாண்டிப் போனால் போரூர். அங்கே ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் பந்துவீச்சை கேமராக்கள் வைத்து அளக்கும் ஆய்வகம் உண்டு. 2015 ஜனவரியில் பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் தன் முழங்கை 15 டிகிரிக்குள்தான் நீள்கிறது என்று நிரூபிக்க இங்கேதான் வந்தார்.

"சரிப்பா, லில்லிக்கும் அஜ்மலுக்கும் இதெல்லாம் சரி. என் பாட்டிக்கு என்ன பிரயோஜனம்?" என்கிறீர்களா? கதையின் முக்கியமான பகுதியே இனிமேல்தான்.

கண்டக்டரும் ஐந்து மாணவர்களும்

1953-ல் லண்டனில் ஜெரெமி மாரிஸ் என்ற மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார். ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்கள். ஒரே வித்தியாசம், டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. உடல் அசைவு ஆயுளோடு சம்பந்தப்பட்டது என்று எண்களோடு காட்டிய முதல் பெரிய ஆய்வு இதுதான். (நம் சென்னை கண்டக்டர்கள் சீட்டில் உட்கார்ந்தபடியே டிக்கெட் கொடுப்பதைப் பார்த்தால் மாரிஸ் என்ன சொல்லியிருப்பாரோ! :-))

1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இன்னொரு சோதனை. இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரைப் பிடித்து மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு கால் பங்குக்கு மேல் விழுந்துவிட்டது.

முப்பது வருடம் கழித்து, 1996-ல், ஐம்பது வயதான அதே ஐந்து பேரையும் மறுபடி அளந்தார்கள். எடை கூடியிருந்தது, கொழுப்பு இரண்டு மடங்காகியிருந்தது. ஆனாலும் முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகமாக இருந்தது! அதோடு விடவில்லை. ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், ஐந்து பேரும் சராசரியாகத் தங்கள் இருபது வயது அளவுக்கே திரும்பிவிட்டார்கள்.

என் பாடப்புத்தகத்தில் இதற்கு இடமே இல்லை. முப்பது வருடத் தேய்மானத்தை ஆறு மாதத்தில் திரும்ப எழுதும் ஒரு சொத்தை எந்த ஆடிட்டர் பார்த்திருக்கிறார்?

தொண்ணூறு வயதில் எடை தூக்கியவர்கள்

1989-ல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் வயதோடு தசை குறைவதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் சதை, வறுமை என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. 'சதை வறுமை' என்று தமிழில் சொல்லலாம். பெயர் இல்லாத வரை அது வெறும் முதுமை. பெயர் வந்ததும் அது ஆராய வேண்டிய ஒரு நிலையாகிவிட்டது.

அடுத்த வருடமே, 1990-ல், பாஸ்டனில் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவரின் ஆய்வு வெளிவந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த, சராசரி வயது 90 ஆன பத்துப் பேர். பலவீனமானவர்கள். பல நோய்கள் உள்ளவர்கள். அவர்களுக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். சும்மா பெயருக்கு அல்ல, அவரவர் பலத்துக்கு ஏற்ற கனமான பயிற்சி.

முழுமையாகச் செய்து முடித்த ஒன்பது பேரின் தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். பயிற்சியை நிறுத்தினால் நான்கே வாரத்தில் கணிசமான வலிமை மறுபடி இறங்கியதையும் அதே ஆய்வு பதிவு செய்தது.

மிகச் சிறிய ஆய்வுதான். ஆனால் விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமே என்று நினைத்திருந்த ஒரு வைத்தியம் முதியவர்களுக்கும் உரியது என்று காட்டிய கதவு அது.

ஓடினால் முட்டி தேயாதா?

தசை சரி, மூட்டு? அதற்கும் ஓர் ஆய்வு உண்டு. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் 1984 முதல் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்கள் 538 பேரையும், ஓடாதவர்கள் 423 பேரையும் இருபது வருடங்களுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. எழுவது, நடப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் சிரமம் தொடங்குவது ஓட்டக்காரர்களுக்குப் பதினாறு வருடம் தள்ளிப்போயிருந்தது. இவர்களில் ஒரு பகுதியினரின் முழங்காலைப் பதினெட்டு வருடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், ஓட்டக்காரர்களின் மூட்டு மற்றவர்களைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கவில்லை.

காரணம் குருத்தெலும்பின் அமைப்பில் இருக்கிறது. எலும்பு முனையை மூடியிருக்கும் அந்த வழவழப்பான உறைக்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. அதற்குச் சாப்பாடு மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து வருகிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் தண்ணீர் வெளியே போகும், விட்டால் உள்ளே வரும். நடக்கும்போது ஒவ்வொரு அடியும் ஒரு அழுத்தல், ஒரு விடுதல். அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. அதோடு தொடைத் தசை வலுவாக இருந்தால் அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். வலிக்குப் பயந்து உட்கார்ந்தால் தசை கரையும், தசை கரைந்தால் மூட்டுக்குச் சுமை கூடும், சுமை கூடினால் வலி கூடும்.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் உழைக்கலாம் என்று அர்த்தமில்லை. கோயம்பேடு மார்க்கெட்டில் விடியற்காலையில் மூட்டை தூக்குபவர்களைப் பாருங்கள். வருடக்கணக்கில் கனத்தைச் சுமப்பதும் மண்டியிட்டு வேலை செய்வதும் முழங்கால் மூட்டுவாத அபாயத்தைக் கூட்டும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். லில்லி தன் பளுவைத் தானே கூட்டிக் குறைத்தார், இடையில் ஓய்வெடுத்தார். மூட்டை தூக்குபவருக்கு அந்த வசதி இல்லை. லாரி வந்தால் தூக்கியே ஆகவேண்டும். உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? சுஸ்ருதர் சொன்ன 'பாதி பலம்' இங்கேதான் பொருந்துகிறது. விளையாட்டில் ஜவ்வு கிழிந்த முழங்காலுக்கும் பிற்காலத்தில் பிரச்சினை வரும் வாய்ப்பு அதிகம். பரம்பரையும் உடல் எடையும் கூட உண்டு. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ சுமை குறைகிறது என்று 2005-ல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது.

நம் தெருவில்

எங்கள் முகப்பேரில் லிஃப்ட் இல்லாத மூன்று மாடி பிளாக்குகள் நிறைய. மேல் மாடியில் இருக்கும் பெரியவர்களில் பலர், முட்டி வலி வந்ததும் முதலில் மார்க்கெட்டை விடுகிறார்கள். பிறகு கோவிலை. பிறகு பக்கத்து பிளாக்கில் இருக்கும் சிநேகிதியை. கடைசியில் பால்கனியிலிருந்து தெருவைப் பார்ப்பதோடு உலகம் முடிந்துவிடுகிறது. "பாவம், தேய்மானம்" என்று நாமும் பாசத்தோடு நாற்காலியை இழுத்துப் போடுகிறோம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். கோவையில் யோகா கற்பித்த நானம்மாள் பாட்டி 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். 2019-ல் 99 வயதில் மறையும் வரை யோகாவோடு வாழ்ந்தார். பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் எண்பதுகளில் ஓட ஆரம்பித்து, 2000-ல் லண்டன் மாரத்தான் ஓடினார். பாஸ்போர்ட் வயதுப்படி 100-ல் டொரான்டோ மாரத்தானையும் முடித்தார். (பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் ஏற்கவில்லை.) 2025 ஜூலையில் சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி இறந்தார். கடைசி நாளிலும் தன் காலில்தான் நடந்துகொண்டிருந்தார். அதே வருடம் நவம்பரில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆசிய மாஸ்டர்ஸ் தடகளப் போட்டி நடந்தது. தாத்தா பாட்டிகளும் ஓடும் ஒரு சர்வதேசப் போட்டி, நம் ஊரில்!

எல்லோரும் ஃபௌஜா சிங் ஆக வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இவ்வளவுதான். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கூடுதலாக, கீழே விழாமல் இருக்க, வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. இதற்கு ஜிம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதே தொடைக்கு நல்ல பயிற்சி. சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. முதல் வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இருதய நோய் உள்ளவர்கள் ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்குப் பாடத்தில் மிஷினுக்குத் தேய்மானம் எழுதுகிறோம். அது சரிதான், லேத் மிஷின் தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளாது. ஆனால் உயிருள்ள தசை, வேலை கொடுத்தால் 90 வயதிலும் வளர்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் யாராவது "தேய்மானம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டால், அடுத்த முறை நாற்காலியை இழுத்துப் போடும்போதே, "பாட்டி, இதுலேர்ந்து கை ஊனாம எத்தனை தடவை எழுந்திருக்க முடியும், பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் இரண்டு தடவை வந்தால் போதும். மறுநாள் மூன்றுக்கு முயற்சிக்கலாம்.